தொலைந்த பேஸும் ஸ்னேர் சத்தமும்: மெட்டாலிக்கா ரசிகர்களின் நாற்பதாண்டு வழக்கு

மெட்டல் இசைக்குழு மெட்டாலிக்கா விலைபோய்விட்டது என்ற குற்றச்சாட்டுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. 1984-இல் வந்த அவர்களுடைய இரண்டாவது ஆல்பம் ரைட் த லைட்னிங்கில் 'ஃபேட் டு பிளாக்' என்றொரு பாட்டு உண்டு. அகூஸ்டிக் கிதாரில் தொடங்கி, நின்று நிதானமாக நடந்து, கடைசியில்தான் வேகம் பிடிக்கும். அதற்கு முந்தைய ஆண்டுதான் கில் எம் ஆல் என்ற முதல் ஆல்பம் வந்து, வேகத்துக்குப் பேர்போன கூட்டம் என்று இவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்திருந்தது. அந்த வேகத்துக்காகச் சேர்ந்த பையன்கள் இந்தப் பாட்டைக் கேட்டு முகம் சுளித்தார்கள். ரேடியோவுக்கு மசிந்துவிட்டார்கள் என்றார்கள். இன்று இந்தப் பாட்டு இல்லாமல் யாராவது சிறந்த பத்துப் பட்டியல் போட்டால் அவரைச் சும்மா விடமாட்டார்கள்.

1983 முதல் 2023 வரை பதினொரு ஸ்டுடியோ ஆல்பங்கள். ராக் பாடகர் லூ ரீடுடன் சேர்ந்து செய்த லூலூவைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பது தனி வழக்கு. இவற்றில் எது உச்சம், எது அடிமட்டம் என்று ரசிகர்கள் வாதாடுவதைக் கொஞ்ச நாள் காதுகொடுத்துக் கேட்டால் ஒன்று புரியும். மேலே இருக்கவேண்டிய மூன்று நாலு, கீழே கிடக்கவேண்டிய மூன்று நாலு எவை என்பதில் பெரிய தகராறு கிடையாது. எதை வைத்து அளக்கிறார்கள் என்று கேட்டால்தான் குழப்பம். பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவர் சட்டென்று ஒலிப்பதிவுக்குத் தாவுவார். அங்கிருந்து இவர்கள் முடி வெட்டிக்கொண்ட கதைக்குப் போய்விடுவார். பாட்டு, அது பதிவான ஒலி, கலைஞர்கள் மேல் உள்ள கோபம் ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து வைத்துப் பார்த்தால், மோசம் என்று முத்திரை குத்தப்பட்டவற்றில் பாதிக்கு மேல் குற்றம் ஒலியின் தலையில்தான் விடிகிறது. இந்தக் கட்டுரை அந்தப் பிரிவினையைச் செய்து பார்க்கும் முயற்சி.

முதலிடத்திலிருந்து தொடங்குவோம். மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ் 1986 மார்ச்சில் வந்தது. எட்டே பாட்டு, ஏறத்தாழ ஐம்பத்தைந்து நிமிடம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் காத்து வைக்கவேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்த முதல் மெட்டல் ஆல்பம் இதுதான். தலைப்புப் பாட்டு எட்டரை நிமிடம் ஓடும். மெட்டாலிக்கா மேடையில் அதிக முறை வாசித்த பாட்டும் அதுவே. 2022-இல் ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடரில் வந்தபிறகு, வெளியாகி முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து முதன்முறையாக பில்போர்டின் முதல் நூறில் ஏறியது. ரசிகர்களில் பெரும்பகுதி இதற்கே வாக்களிக்கும்.

எதிர்க்கட்சி ரைட் த லைட்னிங்கைத் தூக்கிப் பிடிக்கும். அவர்கள் வாதம் லேசானதில்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டிலும் முதல் பாட்டு அமைதியான கிதார் முகப்போடு தொடங்கி, திடீரென்று பாய்ச்சலெடுக்கும். இரண்டாவது பாட்டு தலைப்புப் பாட்டு. நான்காவது, மெதுவாகத் தொடங்கி உக்கிரத்தில் முடியும் பாட்டு. கடைசிப் பகுதியில் பாடலில்லாத ஒரு நீண்ட வாத்திய இசை. 1988-இல் வந்த அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆலும் இதே அச்சில் வார்த்ததுதான். அச்சைச் செய்தது ரைட் த லைட்னிங், மாஸ்டர் அதை மெருகேற்றியது, ஜஸ்டிஸ் அதை நீட்டி முழக்கியது என்பது அந்தக் கட்சியின் வழக்குரை. நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். இருபது இருபத்திரண்டு வயதில் கோபன்ஹேகன் ஸ்டுடியோவில் பதிவு செய்துவிட்டு வந்த பையன்கள், ஓராண்டுக்குள் முதல் ஆல்பத்திலிருந்து இவ்வளவு தூரம் எப்படி நடந்தார்கள் என்பது இன்னும் வியப்பாகவே இருக்கிறது. அதற்குப் பாதி விடை பேஸ் வாசித்த கிளிஃப் பர்ட்டன். முறையாக இசை படித்த அவர்தான் இரண்டு கிதார்கள் இணைந்து இழையும் ஹார்மனி வித்தையை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

ஆனால் ரைட் த லைட்னிங்கில் 'எஸ்கேப்' என்றொரு பாட்டு இருக்கிறது. அதை அந்தக் கூட்டத்துக்கே பிடிக்காது. வெளிவந்து இருபத்தெட்டு ஆண்டுகள் மேடையில் தொடவேயில்லை. 2012-இல் அட்லாண்டிக் சிட்டி விழாவில் முழு ஆல்பத்தையும் வாசிக்கவேண்டி வந்தபோதுதான் வேறு வழியில்லாமல் வாசித்தார்கள். மாஸ்டரில் அப்படி ஒதுக்கித் தள்ளவேண்டிய பாட்டு ஒன்றுகூட இல்லை என்று எதிர்த்தரப்பு சொல்லும்போது என்னிடம் பதில் கிடையாது.

பர்ட்டன் 1986 செப்டம்பரில் ஸ்வீடனில் நடந்த பேருந்து விபத்தில் இறந்தார். வயது இருபத்து நாலு. அவருடைய இடத்துக்கு ஜேசன் நியூஸ்டெட் வந்தார். இங்கிருந்துதான் ஒலியைப் பற்றிய வழக்கு ஆரம்பமாகிறது.

அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆலைப் போட்டுவிட்டு பேஸ் கிதார் எங்கே என்று தேடிப் பாருங்கள். கிடைக்காது. நியூஸ்டெட் எல்லாப் பாட்டுக்கும் வாசித்திருக்கிறார், பதிவு நாடாவில் அது இருக்கிறது, ஆனால் மிக்ஸிங் முடிந்து வந்தபோது காணவில்லை. மிக்ஸிங் செய்த ஸ்டீவ் தாம்ப்சன், டிரம்மர் லார்ஸ் உல்ரிச் சொல்லித்தான் குறைத்தேன் என்று பிற்காலத்தில் பேட்டியளித்தார். புதிதாக வந்தவனைச் சீண்டுவதற்காகச் செய்தார்கள் என்பார் ஒருவர். செத்துப்போன நண்பனின் இடத்தில் இன்னொருவனைக் கேட்க மனம் வரவில்லை என்பார் இன்னொருவர். இரவெல்லாம் கச்சேரி, பகலில் மிக்ஸிங் என்று அலைந்ததில் காது மரத்துப்போயிருந்தது என்பது பாடகரும் கிதாரிஸ்டுமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் விளக்கம். நியூஸ்டெட் பெரும்பாலும் ஹெட்ஃபீல்டின் ரிதம் கிதார் போகும் வழியிலேயே போனதால் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிட்டன என்கிற தொழில்நுட்ப விளக்கமும் உண்டு. நாலிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கலாம். பேஸைக் கூட்டி வைத்து ரசிகர்களே பல பதிப்புகள் செய்துவிட்டார்கள். 2018-இல் அதிகாரப்பூர்வ மறுபதிப்பு வந்தபோது இப்போதாவது சரிசெய்வார்கள் என்று காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம். வரலாறு வரலாறாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

இவ்வளவு பெரிய ஊனத்தோடு ஓர் ஆல்பம் இருந்தும், எந்த ரசிகரின் பட்டியலிலும் அது நாலாம் இடத்துக்குக் கீழே இறங்குவது அபூர்வம். 'ஒன்' என்ற பாட்டு ஒன்றே போதும். போரில் கை, கால், கண், காது அனைத்தையும் இழந்த சிப்பாயின் தலைக்குள் இருந்து பாடப்படும் அந்தப் பாட்டின் இரண்டாம் பாதியில், இரட்டைப் பெடலில் லார்ஸ் இயந்திரத் துப்பாக்கியை எழுப்புவார். பேஸ் இல்லாத வறட்சி அந்தப் பாட்டுக்குப் பொருந்தியும் போகிறது. கிராமி விருதுக்காரர்கள் மட்டும் 1989-இல் மெட்டல் விருதை இந்த ஆல்பத்துக்குத் தராமல், புல்லாங்குழல் ஊதும் ஜெத்ரோ டல் கூட்டத்துக்குக் கொடுத்து அழியாப் புகழ் தேடிக்கொண்டார்கள்.

அடுத்தது 1991-இன் கறுப்பு ஆல்பம். அமெரிக்காவில் மட்டும் ஒன்றரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. இதற்குத் தயாரிப்பாளர் பாப் ராக். கிளாம் மெட்டல் குழு மோட்லி குரூவுக்கு ஆல்பம் செய்தவரைக் கூட்டிவந்துவிட்டார்கள் என்பதே பழைய ரசிகர்களுக்கு முதல் அதிர்ச்சி. பாட்டுகள் சுருங்கின, வேகம் குறைந்தது, பேஸ் கேட்டது. ஒலிப்பதிவில் இதைக் குறைசொல்ல எவராலும் முடியாது. இன்றும் ஸ்டுடியோக்களில் டிரம்ஸ் ஒலி எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு இதைப் போட்டுக் காட்டுகிறார்கள். எனவே இதன் மீதான வழக்கு முழுக்க முழுக்கத் துரோக வழக்கு. 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்' ஒரு காதல் பாட்டு என்பதே பலருக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பாட்டின் தொடக்கத்தை வாசிக்க இடதுகை தேவையே இல்லை. விரல் எதையும் அழுத்தாமல் திறந்த தந்திகளை மீட்டினால் போதும். ஹெட்ஃபீல்ட் ஒரு கையில் தொலைபேசியைப் பிடித்துக் காதலியோடு பேசிக்கொண்டே மறுகையால் சும்மா மீட்டியதில் பிறந்தது அது. கிதார் வகுப்பில் முதல் மாதமே பிள்ளைகள் அதை வாசிப்பது அதனால்தான். வேகத்தை வழிபட்டவர்களுக்கு இந்த எளிமை அவமானமாகப் பட்டது.

இந்தியாவில் இந்த வழக்குக்கு வேறு நிறம். ஸ்டார் டிவி வழியாக எம்டிவி நம் வீடுகளுக்குள் நுழைந்ததும் கறுப்பு ஆல்பம் வந்ததும் ஒரே ஆண்டு. இங்கே பெரும்பாலோர் மெட்டாலிக்காவுக்குள் நுழைந்த வாசலே 'என்டர் சாண்ட்மேன்'. துரோகம் செய்வதற்கு முன்னால் ஒரு நம்பிக்கை இருக்கவேண்டுமே. அது இங்கே இல்லாததால், அமெரிக்கர்கள் கோபித்துக்கொண்ட ஆல்பத்தையே நம்மவர்கள் முதல் காதலாகக் கொண்டாடினார்கள், பிறகு பின்னோக்கி நடந்து பழையதைக் கண்டெடுத்தார்கள். யார் எதைச் சிறந்தது என்கிறார் என்பதை அவர் எந்த ஆண்டில் உள்ளே வந்தார் என்பதைக்கொண்டே பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

துரோக வழக்கின் உச்சம் 1996-இன் லோட். நாலு பேரும் முடியை வெட்டிக்கொண்டார்கள். ஆன்டன் கோர்பைன் எடுத்த படங்களில் கண்ணுக்கு மை. அட்டையில் மாட்டு ரத்தத்தையும் தன் விந்தையும் கலந்து ஆண்ட்ரெஸ் செரானோ செய்த கலைப்படைப்பு. ஹெட்ஃபீல்டே பிற்பாடு அந்தக் காலத் தோற்றம் தனக்கு ஒட்டவில்லை என்று பேட்டிகளில் குறைப்பட்டுக்கொண்டார். அப்போது நடந்த சண்டையில் பாட்டைக் கேட்டுவிட்டுப் பேசியவர்கள் எத்தனை பேரோ தெரியவில்லை, படத்தைப் பார்த்துவிட்டுப் பேசியவர்கள் ஏராளம். இப்போது முடி மறந்துபோயிற்று, ஆல்பம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. நிதானமாகக் கேட்டால் 'பிளீடிங் மீ', 'தி அவுட்லா டோர்ன்' இரண்டும் அவர்களுடைய எந்த ஆல்பத்திலும் நிமிர்ந்து நிற்கக்கூடியவை. இரண்டாவதை ஒரு நிமிடம் கத்தரித்தார்கள், குறுந்தகட்டில் இடம் இல்லாமல். ஏறத்தாழ எழுபத்தொன்பது நிமிடத்தை ஒரே தட்டில் திணித்ததுதான் லோடின் உண்மையான குற்றம். பதினாலு பாட்டில் நாலைந்தை வெளியே நிறுத்தியிருந்தால் இன்றைய மறுமதிப்பீடு இருபது ஆண்டுகள் முன்னதாகவே வந்திருக்கும்.

கோபம் மட்டும் அதோடு ஆறவில்லை. 2000 ஏப்ரலில், இணையத்தில் பாட்டுகளைப் பகிர உதவிய நாப்ஸ்டர் நிறுவனத்தின் மீது மெட்டாலிக்கா வழக்குப் போட்டது. மே மாதம் லார்ஸ் 3,35,435 பயனர் பெயர்கள் அச்சடித்த காகிதப் பெட்டிகளோடு அந்த நிறுவனத்தின் வாசலில் போய் இறங்கினார். ஒருகாலத்தில் இவர்களுடைய டெமோ கேசட்டைக் கைமாற்றிக் கைமாற்றிப் பரப்பி இவர்களை வளர்த்தவர்களே ரசிகர்கள்தான். அவர்களையே நீதிமன்றத்துக்கு இழுக்கிறார்களே என்று உலகமே சிரித்தது. சட்டப்படி லார்ஸ் பக்கம் நியாயம் இருந்தது. அந்த நியாயத்துக்காக அவர் கொடுத்த விலை அடுத்த ஆல்பத்தில் வசூலிக்கப்பட்டது என்று நான் நினைக்கிறேன்.

அந்த அடுத்த ஆல்பம்தான் 2003-இன் செயின்ட் ஆங்கர். மோசமானது எது என்று ரசிகரை எழுப்பிக் கேட்டால் தூக்கத்திலேயே சொல்லும் பெயர். நியூஸ்டெட் விலகிவிட்டார். ஹெட்ஃபீல்ட் குடியை விடச் சிகிச்சைக்குப் போய், திரும்பி வந்தும் நாளுக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை என்றார். மாதம் நாற்பதாயிரம் டாலர் சம்பளத்தில் ஒரு மனநல ஆலோசகர் ஸ்டுடியோவிலேயே உட்கார்ந்திருந்தார். இதெல்லாம் சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர் என்ற ஆவணப்படத்தில் பதிவாகியிருக்கிறது. ஆல்பத்தை வெறுப்பவர்கள்கூட அந்தப் படத்தை விரும்புவார்கள்.

குற்றப்பத்திரிகையில் முதலிடம் ஸ்னேர் டிரம்முக்கு. ஸ்னேரின் அடித்தோலை ஒட்டி மெல்லிய கம்பிச் சுருள்கள் இழுத்துக் கட்டியிருக்கும். மேல்தோலில் அடித்தால் அந்தக் கம்பிகள் அதிர்ந்து 'சட்' என்ற வெடிப்பைத் தரும். பக்கத்தில் ஒரு சிறு நெம்புகோல் உண்டு. அதைத் தள்ளினால் கம்பிகள் தோலைவிட்டு விலகிவிடும். ஒருநாள் லார்ஸ் அந்தக் கம்பிகளைப் பொருத்த மறந்து வாசித்தார், கேட்டுப் பார்த்தார், பிடித்துப்போயிற்று. ஆல்பம் முழுக்க அப்படியே விட்டுவிட்டார். விளைவு, எழுபத்தைந்து நிமிடத்துக்கு யாரோ காலி எவர்சில்வர் குடத்தைக் கரண்டியால் தட்டுகிற சத்தம். லார்ஸ் இன்றுவரை அந்த முடிவுக்காக வருத்தப்படவில்லை.

இரண்டாவது குற்றம், கிதார் சோலோ ஒன்றுகூட இல்லாதது. சோலோ இல்லாவிட்டால் ஆல்பம் இந்தக் காலகட்டத்தோடு தேதி குத்தப்பட்டு நின்றுவிடும் என்று கிதாரிஸ்ட் கிர்க் ஹாமெட் அந்த ஆவணப்படத்திலேயே வாதாடுகிறார். யாரும் கேட்கவில்லை. அவர் சொன்னபடிதான் நடந்தது.

பேஸே இல்லாத ஜஸ்டிஸை மன்னித்தவர்கள் ஸ்னேர் கெட்டுப்போன செயின்ட் ஆங்கரை ஏன் மன்னிக்கவில்லை? இல்லாத ஒலியைக் காது கற்பனையால் நிரப்பிக்கொள்ளும், இருக்கிற எரிச்சலை அதனால் அழிக்க முடியாது என்பது ஒரு காரணம். பாட்டுகள் வெட்டி ஒட்டப்பட்டு, வந்த இடத்துக்கே வந்து நீள்கின்றன என்பது இன்னொன்று. நாப்ஸ்டர் ஆத்திரமும் சேர்ந்துகொண்டது. ஆனால் ஒலியைக் கழற்றிவிட்டால் என்ன மிஞ்சும் என்பதற்கு மெட்டாலிக்காவே சாட்சியம் தந்திருக்கிறது. ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'ஆல் விதின் மை ஹேண்ட்ஸ்'. மூலப் பதிப்பில் அது எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் கூச்சல். பிற்காலத்தில் அதை அகூஸ்டிக் வடிவில் மாற்றியமைத்து, 2019-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் சிம்பொனியுடன் நடந்த கச்சேரியிலும் வாசித்தார்கள். அதே மெட்டு, அதே வரிகள். பிரமாதமான பாட்டு. தங்கள் அறக்கட்டளைக்கும் அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

2008-இன் டெத் மாக்னெடிக்கில் குற்றவாளி மாறினார், குற்றம் அதேதான். பழைய பாணி திரும்பிவிட்டது, சோலோக்கள் வந்துவிட்டன, நீளமான பாட்டுகள் வந்துவிட்டன. ஆனால் ஒலியை இருக்கும் உச்சத்துக்கு ஏற்றியதில் டிரம்ஸ் விழும் இடமெல்லாம் கரகரத்தது. மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், தன் கைக்கு வரும்போதே அது நசுங்கித்தான் வந்தது என்று கைவிரித்தார். வேடிக்கை என்னவென்றால், கிதார் ஹீரோ என்ற வீடியோ விளையாட்டுக்காக அதே பாட்டுகளைத் தனித்தனித் தடங்களாகக் கொடுத்திருந்தார்கள். அதில் அந்த நசுக்கல் இல்லை. கடையில் காசு கொடுத்து வாங்கிய குறுந்தகட்டைவிடப் பிள்ளைகள் விளையாட்டில் பாட்டு நன்றாகக் கேட்டது. மறுபடியும் மிக்ஸ் செய்யச் சொல்லிப் பல ஆயிரம் பேர் மனுப் போட்டார்கள், நடக்கவில்லை.

லூலூவுக்கு வருவோம். 2011 அக்டோபர் 30 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில் மெட்டாலிக்காவின் முதல் இந்தியக் கச்சேரி. சென்னையிலிருந்தெல்லாம் கூட்டம் ரயிலேறிப் போயிருந்தது. இரண்டு நாள் முன்பு குர்கானில் கச்சேரி ரத்தாகி, ரசிகர்கள் மேடையை உடைத்திருந்தார்கள். பெங்களூரில் மழையும் சேறுமாக எல்லாரும் ஆனந்தக் கூத்தாடிவிட்டு வீடு திரும்பிய மறுநாள் லூலூ வெளிவந்தது. ஜெர்மன் நாடகாசிரியர் வேடகிண்டின் நாடகங்களை ஒட்டி லூ ரீட் எழுதிய வரிகளை அவரே பேச்சும் பாட்டுமாகச் சொல்ல, பின்னால் மெட்டாலிக்கா இடிக்கிறது. அமெரிக்காவில் முதல் வாரம் சுமார் பதின்மூவாயிரம் பிரதிதான் போயிற்று. கேலி மட்டும் பல லட்சம். பிற்பாடு ரீடின் மனைவி லாரி ஆண்டர்சன், கணவரின் ஆகச்சிறந்த படைப்பு இதுதான் என்று டேவிட் போவி தன்னிடம் சொன்னதாக மேடையில் சொன்னார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆனால் இருபது நிமிடத்தை நெருங்கும் 'ஜூனியர் டாட்' என்ற கடைசிப் பாட்டை இருட்டில் ஒருமுறையாவது கேட்காமல் லூலூவைக் கடைசி இடத்தில் வைப்பவரின் பட்டியலை நான் மதிப்பதில்லை. அதோடு, இது லூ ரீடின் ஆல்பம். மெட்டாலிக்காவை இதற்காகத் தண்டிப்பது பக்கவாத்தியக்காரரை ராக ஆலாபனைக்காகத் திட்டுவது.

2016-இன் ஹார்ட்வயர்ட், 2023-இன் 72 சீசன்ஸ் இரண்டுக்கும் ரசிகர்கள் சண்டை போடுவதில்லை. இரண்டும் எழுபத்தேழு நிமிடம், இரண்டும் நன்று, இரண்டும் நீளம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஹாமெட் இருநூற்றைம்பது ரிஃப்கள் சேமித்து வைத்திருந்த தொலைபேசியைத் தொலைத்துவிட்டதால் ஹார்ட்வயர்டில் அவர் எழுதியது ஒன்றும் இல்லை என்ற கதைதான் ஆல்பத்தைவிட அதிகம் பேசப்படுகிறது.

ஆக, மோசமானது எது? ஸ்னேரை மாற்றினால் செயின்ட் ஆங்கர் பாதி பிழைக்கும். நசுக்கலை எடுத்தால் டெத் மாக்னெடிக் முழுக்கப் பிழைக்கும், விளையாட்டுப் பதிப்பே அத்தாட்சி. லோடைக் காலம் பிழைக்கவைத்துவிட்டது. எந்தச் சாக்கும் சொல்ல வழியில்லாத ஆல்பம் 1997-இன் ரீலோட். பாப் ராக் தயாரிப்பு, ஒலியில் ஒரு குறை இல்லை. யார் மேலும் புதிதாகக் கோபப்பட நேரமில்லை, முடி ஏற்கெனவே வெட்டியாயிற்று. லோட் காலத்தில் உருவாகி மிஞ்சியவற்றைப் பின்னால் முடித்து வெளியிட்டார்கள். 'ஃபியூவல்', 'தி மெமரி ரிமெயின்ஸ்' தாண்டிப் போனால் 'ஸ்லிதர்', 'பேட் சீட்', 'ஆட்டிடியூட்' என்று நடுவாந்திரமான பாட்டுகளின் வரிசை, அத்தனையும் அழகாகப் பதிவாகியிருக்கின்றன. அவற்றுக்கு நடுவே 'பெட்டர் தேன் யூ' என்றொரு பாட்டு இருக்கிறது. தீவிர ரசிகரிடம் அதன் ரிஃபை முனகச் சொல்லிப் பாருங்கள், திணறுவார். ஜஸ்டிஸ் ஆல்பத்துக்கு மறுத்த கிராமிக்காரர்களை அப்போது மன்னித்திருந்தாலும் இதற்கு மன்னிக்க முடியாது: 1999-இல் சிறந்த மெட்டல் பாட்டுக்கான விருதை இதற்குத்தான் கொடுத்தார்கள்.